கோல்ஃப் வண்டிக்கு எந்தச் சாலை?

ரயில் நிலையத்தில் முதியவர்களை நடைமேடை நெடுக ஏற்றிப்போகிற பேட்டரி காரைப் பார்த்திருப்பீர்கள். கதவு கிடையாது, சத்தம் கிடையாது, தலைக்கு மேல் ஒரு கூரை, அவ்வளவுதான். கோல்ஃப் மைதானத்து வண்டியும் அதே சாதிதான். அமெரிக்காவில் அது மைதானத்து வேலியைத் தாண்டி ஊருக்குள் வந்து நெடுநாளாகிறது. கடைக்குப் போக, பிள்ளைகளைப் பள்ளியில் விட, மாலையில் காற்று வாங்க என்று எல்லாவற்றுக்கும் அதையே எடுக்கிறார்கள். மின்சார வண்டிக்குப் பெட்ரோல் செலவில்லை, நிறுத்த இடம் அதிகம் வேண்டாம். சிற்றூர் நகர மன்றங்களும் தீர்மானம் போட்டுத் தெருக்களை அதற்குத் திறந்துவிடுகின்றன.

திறப்பதற்கு முன் வண்டியின் அடிவயிற்றைக் கொஞ்சம் குனிந்து பார்ப்பது நல்லது.

இந்தத் தொழிலின் தலைநகர் என்று ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டாவைச் சொல்லலாம். 1954-இல் அங்கேதான் ஈ-இசட்-கோ நிறுவனம் தொடங்கியது. போட்டி நிறுவனமான கிளப் கார் இருப்பதும் அந்த ஊரை ஒட்டித்தான். மின்சார வண்டியின் இருக்கைக்கு அடியில் 36 அல்லது 48 வோல்ட் பேட்டரி வரிசை. பின் அச்சில் சில குதிரைத்திறன் மோட்டார். புல்தரையில் போக இவ்வளவே மிகுதி. மைதானத்துக்கென்று செய்த வண்டி மணிக்கு சுமார் 24 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்தப்பட்டிருக்கும்.

வில்லங்கம் பிரேக்கில் இருக்கிறது. பெரும்பாலான கோல்ஃப் வண்டிகளில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் உண்டு. இறக்கத்தில் அழுத்திப் பிடித்தால் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. பின்சக்கரங்கள் லேசாகி, சுழல்வதை நிறுத்திச் சறுக்கத் தொடங்குகின்றன. உடனே வண்டியின் பின்பாகம் பக்கவாட்டில் வீசிப்போகும். மோட்டாரே வேகத்தைக் குறைக்கும் வகை வண்டியிலும் அந்த இழுப்பு பின் அச்சுக்குத்தான் போய்ச் சேருகிறது. காரில் பிரேக் வேலையின் பெரும்பங்கை முன்சக்கரங்கள் செய்வது, பாரம் இப்படி முன்னால் சாய்வதால்தான்.

அடுத்தது, உட்கார்ந்திருப்பவர்களின் பாடு. அமெரிக்காவில் ஓட்டுநர் இடப்பக்கம். அவர் சட்டென்று இடது பக்கம் திருப்பினால், வலப்பக்கம் இருப்பவருக்குக் கதவும் இல்லை, பெல்ட்டும் இல்லை. இடுப்பளவுக்குக் கூட வராத ஒரு சின்னக் கம்பிதான் காவல். பின்னோக்கிப் பார்த்து உட்காரும் இருக்கை இன்னும் மோசம். ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை மிதித்த கணம் வண்டி முன்னால் நழுவ, அதில் இருக்கும் குழந்தை தெருவில் விழுகிறது. கோல்ஃப் வண்டி விபத்துகளால் ஆண்டுதோறும் சுமார் 15,000 பேர் அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்குப் போகிறார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. வண்டி எதிலும் மோதாமலே, உள்ளிருப்பவர் விழுந்து அடிபடும் விபத்துகள் இதில் ஏராளம்.

அமெரிக்க நடுவண் அரசு 1998-இல் ஒரு வழி கண்டது. மணிக்கு 20 மைலுக்கு மேல் (32 கி.மீ.), 25 மைலுக்குள் (40 கி.மீ.) போகும் நான்கு சக்கர வண்டிகளைக் ‘குறைவேக வாகனம்’ என்று தனி வகையாக்கியது. ஹெட்லைட், இண்டிகேட்டர், பிரேக் விளக்கு, பின்பார்வைக் கண்ணாடிகள், முன்கண்ணாடி, கைபிரேக், சீட் பெல்ட், அடையாள எண் எல்லாம் கட்டாயம். பெரும்பாலான மாநிலங்களில் வேக வரம்பு 35 மைல் (56 கி.மீ.) வரை உள்ள சாலைகளில் இவை ஓடலாம். சாதாரண கோல்ஃப் வண்டி 20 மைலைத் தாண்டாத வரை இந்த விதிக்குள் வராது. அதை எந்தத் தெருவில் விடலாம் என்பது மாநிலமும் ஊரும் பார்த்துக்கொள்ளும் விஷயம். இடையில் சிலர் கண்ட்ரோலரை மாற்றி, பெரிய சக்கரம் போட்டு வேகத்தை ஏற்றிவிடுகிறார்கள். அப்போது அது கோல்ஃப் வண்டியும் அல்ல, குறைவேக வாகனமும் அல்ல. வேகம் 15 மைலிலிருந்து 25 ஆனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. பிரேக்கோ பழைய பிரேக்.

விளக்கும் பெல்ட்டும் மாட்டினால் கார் ஆகிவிடுமா? நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வு மையம் 2010-இல் ‘ஜெம்’ என்ற குறைவேக வாகனத்தின் பக்கவாட்டில் மணிக்கு 50 கி.மீ. அளவிலான வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. உள்ளே வைத்த பொம்மையின் கருவிகள், உயிருக்கே ஆபத்தான காயங்களைக் காட்டின. கார்களுக்குரிய மோதல் சோதனைகள் இந்த வகைக்கு விதிக்கப்படவில்லை என்பதை நினைவில் வைத்தால் இதில் வியப்பில்லை.

பண்ணையிலும் காட்டிலும் ஓடும் யூடிவி என்ற பணி வண்டி வேறு கதை. கவாசாகி ‘மியூல்’ 1988-இல் வந்தது. வைக்கோல், வேலிக்கம்பி, கருவிகள் சுமக்கத்தான். இன்று விளையாட்டுக்கென்று விற்கும் ரகங்கள் மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் பறக்கின்றன. கவிழ்ந்தால் காக்கச் சுற்றிலும் கம்பிக்கூடு, சீட் பெல்ட் எல்லாம் உண்டு. சங்கடம் தார்ச்சாலையில் தொடங்குகிறது. வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். சேற்றில் சிக்காமல் இருக்கப் பின் அச்சின் இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டி வைத்தால், புழுதியில் சக்கரம் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தாரில் வழுக்க முடியாது. கூடவே காற்று குறைந்த கட்டை டயர், உயர்ந்த உடல். வேகமாகத் திருப்பினால் கவிழக் காத்திருக்கும் கூட்டணி இது. பொதுச்சாலையில் ஓட்டாதீர்கள் என்று தயாரிப்பாளர்களே வண்டியில் எச்சரிக்கை ஒட்டுகிறார்கள். அவர்களுடைய சங்கமும் அதையே சொல்கிறது. அரிசோனா, யூட்டா போன்ற மாநிலங்களோ நம்பர் பிளேட்டும் விளக்கும் இருந்தால் போ என்கின்றன. விற்பவன் வேண்டாம் என்று சொல்லும் பொருளை அரசு ஆகட்டும் என்பது விசித்திரம்தான்.

ஆனாலும் இதெல்லாம் கூடாத காரியம் என்று நான் சொல்லவரவில்லை. அட்லான்டாவுக்குத் தெற்கே பீச்ட்ரீ சிட்டி இருக்கிறது. அங்கே 160 கி.மீ. அளவுக்கு வண்டிப்பாதைகள் தனியே போகின்றன. பெருஞ்சாலை குறுக்கிடும் இடங்கள் பலவற்றில் அடியில் சுரங்கவழி, மேலே பாலம். பத்தாயிரம் வண்டிகள் ஓடும் ஊர் அது. பள்ளிப் பிள்ளைகளே வண்டியில் வருகிறார்கள். கலிபோர்னியாவின் கேட்டலீனா தீவில் உள்ள ஆவலான் எதிர்வழியில் போனது: கார் வைத்துக்கொள்ள அனுமதி பெறவே பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும், ஆகவே தெருவில் பெரும்பாலும் கோல்ஃப் வண்டிதான். ஒரு ஊர் மெதுவான வண்டியைப் பிரித்துவைத்தது, மற்றது வேகமான வண்டியைக் குறைத்தது. இரண்டிலும் கவனித்த விஷயம் ஒன்றே: அருகருகே ஓடும் வண்டிகளுக்கு இடையிலுள்ள வேக வித்தியாசம்.

பாதைக்குச் செலவழிக்காத ஊர் வழக்கமாகச் செய்வது வேறு. வேக வரம்பு 25, 30 மைல் உள்ள தெருக்களைக் குறிக்கும்; பொழுது சாய்ந்தபின் விளக்கில்லாமல் ஓடாதே என்னும்; வண்டியின் பின்னால் ஒரு முக்கோணத்தை மாட்டச் சொல்லும். அந்த முக்கோணம் உருப்படியான சமாச்சாரம். முனை மழுங்கிய வடிவம், நடுவில் பகலில் பளிச்சிடும் ஆரஞ்சு, ஓரத்தில் இரவு வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்பு. முதலில் டிராக்டருக்காக ஓஹியோவில் உருவாக்கியது அது. பின்னால் வருபவருக்கு ‘நீ நினைப்பதைவிட வேகமாக என்னை நெருங்குகிறாய்’ என்று சொல்ல அதைவிட மலிவான வழி இல்லை.

ஆனால் பின்னால் வருபவர் மட்டும்தானே அதைப் பார்க்கிறார். ஊரை இரண்டாகப் பிளந்து போகிற மாநில நெடுஞ்சாலையை வண்டி குறுக்கே கடக்கும்போது லாரி வருவது பக்கவாட்டிலிருந்து. இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் கடை என்றால் கடக்காமல் முடியாது. ஆகவே எந்தத் தெருக்களில் ஓட்டலாம் என்ற பட்டியலைவிட, எங்கே கடக்கலாம், அங்கே சிக்னல் உண்டா என்பதைத்தான் நகர மன்றத்தில் முதலில் கேட்க வேண்டும். அடுத்த கேள்வி, யார் ஓட்டுவது. ஃபுளோரிடாவில் 14 வயதுப் பிள்ளைகள் உரிமம் இல்லாமலே ஓட்டலாம் என்றுதான் இருந்தது. 2023 அக்டோபர் முதல், 18 வயதுக்குட்பட்டவரிடம் பழகுநர் அனுமதியோ ஓட்டுநர் உரிமமோ இருந்தாக வேண்டும்.