ஓர் எண்ணின் அந்தரங்கம்

‘231 ஆஃப் 1926.’ பார்த்தால் கோர்ட்டுக் கேஸ் நம்பர் மாதிரி இருக்கிறது, இல்லையா? நீலகண்ட சாஸ்திரியாரின் ‘சோழர்கள்’ நூலில் பக்கத்துக்குப் பக்கம், அடியில், பொடி எழுத்தில் இப்படிப்பட்ட எண்கள் கொட்டிக் கிடக்கும். நம்மில் பாதிப் பேர் அங்கே கண்ணை ஓட்டுவதே இல்லை. அநியாயம்! ரகளையே அங்கேதான் நடக்கிறது.

இந்த எண்ணின் வாலைப் பிடித்துக்கொண்டு போனால் எங்கே போய் நிற்போம் தெரியுமா? திருமானூரில் அரியலூர் பஸ் ஏறினால் வழியிலேயே வரும் கீழப்பழுவூரில்! சம்பந்தர் பாடிய ஆலந்துறையார் கோயிலில்! பராந்தகச் சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அது. பாண்டியனும் ஈழத்து அரசனும் கூட்டாக வந்து வெள்ளூரில் மோதியபோது, சோழன் பக்கம் நின்று பொருதவர் பழுவேட்டரையர் கண்டன் அமுதனார். ஆமாம், பழுவேட்டரையர்! ‘பொன்னியின் செல்வன்’ எழுதக் கல்கி பேனாவைத் தொடுவதற்கு ஆயிரம் வருஷத்துக்கு முந்திய அசல்!

சரி, எண் எப்படிப் பிறந்தது? அரசின் கல்வெட்டுத் துறையார் ஆண்டுதோறும் ஊர் ஊராகப் போவார்கள். சுவரைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை எழுத்தின் மேல் ஒட்டி, பிரஷ்ஷால் மொத்து மொத்தென்று மொத்துவார்கள். தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கிவிடும். ஈரம் சற்று வற்றியதும் மைப்பந்தால் ஒற்றி எடுத்தால், கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்துகள் பளிச்சென்று முளைக்கும். இதற்குப் பெயர் மைப்படி. ராஜகேசரிப் பட்டத்துச் சோழனோ பரகேசரிப் பட்டத்துச் சோழனோ, கல்லில் இருந்தவன் சுருட்டி எடுத்துப் போகும் தாளுக்கு வந்துவிட்டான்! 1926-இல் அப்படி எடுத்தவற்றின் வரிசையில் 231-ஆவது எதுவோ அதுதான் நம் ஆள். 1887-இல் தொடங்கிய ஆண்டறிக்கை வரிசையில் அதற்கும் ஓரிடம் கிடைத்தது: எந்த ஊர், எந்தச் சுவர், எந்த அரசன், எத்தனையாவது ஆட்சியாண்டு, என்ன மொழி, கூடவே ஆங்கிலத்தில் சில வரிச் சுருக்கம். அவ்வளவே. முழு வாசகம் அதில் இருக்காது.

கூத்து இங்கேதான் ஆரம்பம். வாசகம் அச்சேறுவது ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ தொகுதிகளில். அதன் முதல் தொகுதி 1890-லேயே வந்துவிட்டது. ஆனால் 1924-இலும் 1926-இலும் பழுவூர்களில் படியெடுத்த கல்வெட்டுகளில் பல, 1952-இல் வந்த 13-ஆம் தொகுதிக்கும் 1967-இல் வந்த 19-ஆம் தொகுதிக்கும் காத்துக் கிடந்தன. 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வ’னில் வாராவாரம் பெரிய பழுவேட்டரையர் மீசை முறுக்கிக்கொண்டிருந்தாரே, அந்த வம்சத்தார் பேர் சொல்லும் கல்வெட்டுகளில் ஒரு பகுதி அப்போதும் சுருட்டிய தாளாகவே அலுவலகத்தில் தூங்கிக்கொண்டிருந்தது!

அச்சாகும் வரை வரலாறு காத்திருக்குமா? காத்திருக்கவில்லை. சாஸ்திரியார் 1935-லும் 1937-லும் ‘சோழர்கள்’ நூலின் இரண்டு பாகங்களை வெளியிட்டுவிட்டார். ‘பிற்காலச் சோழர் வரலாறு’ எழுதிய சதாசிவ பண்டாரத்தாரும் இதே எண்களைத்தான் அடிக்குறிப்பில் வரிசையாக அடுக்கினார். அச்சேறாத ஒன்றை இவ்வளவு தைரியமாகச் சான்று காட்ட எப்படி முடிந்தது? அந்த எண்ணால்தான். எண் இருந்தால் அறிக்கையைத் திறக்கலாம். அறிக்கை சுவரைக் காட்டும். சந்தேகப்பிராணிகள் பஸ் ஏறிப் போய்ச் சுவரிலேயே பார்த்துக்கொள்ளலாம். அச்சேறாத சான்றுக்கு ஆய்வு விதிகள் பொதுவாகக் கேட்பதும் இதைத்தான்: யாரிடம், எங்கே, எந்த எண்ணில், எந்தத் தேதியில். ஊர்ப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து சொன்ன தகவலுக்கும் இதே கணக்கு. அவரிடம் அனுமதி வாங்குவது மட்டும் கூடுதல். பெயர் போடலாமா என்று கல்லைக் கேட்க வேண்டியதில்லை பாருங்கள்!

ஒரு திருட்டுத்தனமும் உண்டு, காதைக் கொடுங்கள். ஆண்டறிக்கையின் ஆங்கிலச் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு, கல்லையே படித்தது போல எண்ணைப் போட்டுவிடுவது! வெளியே தெரியவே தெரியாது. சுருக்கம் எழுதியவர் தானமாக வந்த ஆடுகளையும் விளக்கையும் சொல்லிவிட்டு, கொடுத்தவளின் பெயரையோ ஊரையோ விட்டிருக்கலாம். அதை நம்பி எழுதுகிறவரும் விடுவார். அவரை நம்பி அடுத்தவர். நாலாவது ஆய்வேட்டில் அந்த அம்மாள் சுத்தமாகக் காணாமல் போயிருப்பாள். சுருக்கத்தைப் பார்த்தவர் ‘ஆண்டறிக்கைச் சுருக்கம்’ என்றும், மைப்படியைப் படித்தவர் ‘மைப்படி’ என்றும், சுவரைப் பார்த்தவர் ‘நேரில்’ என்றும் எழுதினால் கையா வலிக்கும்?

இப்போது பழுவூரைப் படிக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பழுவூரை ஒட்டிய கீழையூரின் அவனிகந்தர்ப்ப ஈசுவர கிருகம் என்னும் இரட்டைக் கோயிலில் ஆரம்பித்து, திருச்சிக் கண் மருத்துவர் இரா. கலைக்கோவன் இந்தக் கோயில்களைப் பற்றிப் புத்தகமே எழுதியிருக்கிறார். (கண் மருத்துவர் கல்வெட்டு படிப்பது என்ன பொருத்தம்!) தமிழகத் தொல்லியல் கழகத்தின் ‘ஆவணம்’ இதழோ புதிதாகக் கிடைக்கும் கல்வெட்டுகளை வாசகத்தோடு அச்சிட்டுவிடுகிறது. நாற்பது வருஷக் காத்திருப்பெல்லாம் அங்கே கிடையாது.

பழைய மைப்படிகளின் பயணம் மட்டும் முடிந்தபாடில்லை. ஊட்டியில் இருந்த கல்வெட்டுத் துறைத் தலைமை அலுவலகம் 1966-இல் மைசூருக்குப் போனது, படிகளும் போயின. தமிழ்க் கல்வெட்டு படிக்கத் தமிழ்நாட்டு மாணவர்கள் மைசூருக்கு ரயில் ஏறினார்கள். 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லி உத்தரவிட்டது. ஆகவே ஆய்வு மாணவர்களே, ‘மைப்படி, மைசூர்’ என்று, படி இப்போது எங்கே இருக்கிறது என விசாரிக்காமல், பழைய ஆய்வேட்டிலிருந்து அப்படியே அடிக்குறிப்பைக் காப்பி அடித்தீர்களானால், இனி நெறியாளரிடம் கையும் களவுமாக மாட்டிக்கொள்வீர்கள்.