இலைப் படத்தை எவ்வளவு சுருக்கலாம்?

"இலை மஞ்சளாகுது, என்னன்னு பாருங்க" என்று வாட்ஸ்அப்பில் படம் வரும். பெரிதாக்கிப் பார்த்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். இலைக்கு அடியில் இருப்பது செஞ்சிலந்தியா, வெறும் தூசியா? சொல்ல முடியாது. சத்துக் குறைன்னு நினைச்சு நாம பஞ்சகவ்யா தெளிச்சுக்கிட்டு இருந்தா, அதுக்குள்ள சிலந்தி பக்கத்துச் செடிக்கும் போயிடும்.

பெரும்பாலும் கேமராவில் கோளாறு இல்லை. படத்தைச் சுருக்கிய விதத்தில்தான் கோளாறு.

ஜேபிஜி என்பது 1992-இல் தரப்படுத்தப்பட்ட முறை. படத்தை 8-க்கு 8 புள்ளி கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அதிகம் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிடும். அரிசி தீட்டுற மாதிரிதான். போன தவிடு திரும்ப வராது. ஜேபிஜியைத் திறந்து, மாற்றி, மறுபடி சேமித்தால் இன்னொரு தீட்டு. அதை பிஎன்ஜியாக மாற்றினாலும் போனது வராது, ஃபைல்தான் பெருக்கும். இதில் நமக்கு முக்கியமான சேதி ஒன்று உண்டு: பல செயலிகள் நாலு புள்ளிக்கு ஒரு நிறம்தான் வைக்கும். பச்சை இலையில் ஊசிமுனை அளவு சிவப்பு மங்கிப்போவது அதனாலும்தான்.

'குவாலிட்டி' என்று 100 வரை ஒரு எண் கேட்குமே, அது சதவீதம் இல்லை. செயலிக்குச் செயலி அளவுகோல் மாறும். பூச்சி, நோய் படத்துக்கு 85-க்குக் கீழே போகாதீங்க. வயலின் பொதுத் தோற்றத்துக்கு 75 போதும்.

விண்ணப்பம் பதிவேற்றும்போது '200 கேபிக்குள்' என்று கேட்டால், பலர் குவாலிட்டியை 20-க்கு இறக்கிவிடுகிறார்கள். அதைக் கடைசியில் தொடுங்கள். முதலில் வேண்டாத ஓரங்களை வெட்டுங்கள். பூச்சி இருக்கும் இடத்தின் புள்ளிகள் அப்படியே இருக்கும். பிறகும் பெரிசா இருந்தா நீள அகலத்தைக் குறையுங்கள். 4000-க்கு 3000 படத்தில் 1.2 கோடி புள்ளி. 1600-க்கு 1200 ஆக்கினால் 19 லட்சம்தான். அதற்கும் அடங்காவிட்டால் குவாலிட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கலாம்.

நிலத்தின் புலப்படம், அரிசிப் பைக்கான லேபிள் மாதிரி கோடும் எழுத்துமாக இருப்பவை பிஎன்ஜிக்குத்தான் ஏற்றவை. ஜேபிஜியில் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்தமாதிரி இருக்கும். பிஎன்ஜி எதையும் கழிக்காது. ஆனா வயல் போட்டோவை அதில் சேமித்தால் பல மடங்கு இடம் பிடிக்கும், ஒரு பிரயோசனமும் இல்லை.

மூலப் படத்தை அழிக்காமல் வைத்திருங்கள். எப்போது மாற்றினாலும் அதிலிருந்தே மாற்றுங்கள், சுருக்கினதைச் சுருக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் 'டாக்குமெண்ட்' வழியாக அனுப்பினால் எடுத்தபடியே போய்ச் சேரும். ஐபோன்காரர்களின் படம் 'ஹெச்இஐசி' என்று வந்து திறக்க மறுத்தால், கேமரா செட்டிங்கில் 'ஃபார்மட்ஸ்' போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' வைக்கச் சொல்லுங்கள். அதன்பின் எடுப்பதெல்லாம் ஜேபிஜியாகவே வரும்.