கருத்தடை அறுவைக்குப் பின் பெண்பூனை: வீட்டாரின் இரு வாரப் பொறுப்பு

பெண்பூனை ஒன்றுக்குக் கருத்தடை அறுவை செய்து முடிக்கக் கைதேர்ந்த மிருக வைத்தியர் ஒருவருக்கு அரைமணி நேரமே போதும். அறுத்த இடம் ஆறுவதற்கோ 10 முதல் 14 நாட்கள் ஆகின்றன. அந்நாட்களில் பூனை வீட்டாரின் கையிலேயே இருக்கிறது. அறுவை செவ்வனே நடந்தும் பூனை பின்னர் இறந்துபட்டதாகக் கேள்வியுறும்பொழுது, சில வேளைகளில் அதற்கு வீட்டாரின் பரிவே காரணமாயிருக்கக் காணலாம். வலிக்கிறதே என்று கொடுத்த மாத்திரைத் துண்டு, சுத்தமாக இருக்கட்டும் என்று புண்ணில் தடவிய கிருமிநாசினி, குளிருமே என்று அடியில் வைத்த சுடுநீர்ப் புட்டி ஆகியவை மனிதருக்கு நன்மை செய்பவை. பூனைக்கோ பெருங்கேடு விளைப்பவை. களப்பணி ஊழியர்களையும் ஆசிரியர்களையும் நாடி மக்கள் யோசனை கேட்பது வழக்கமாதலின், இவற்றின் காரணங்களை அவர்கள் அறிந்திருத்தல் நலம்.

மும்பைக்கு வடகிழக்கே, கல்யாணை அடுத்துள்ள உல்லாஸ்நகரை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் படையினர் தங்கிச் செல்வதற்கென அமைந்த முகாம் அது. தேசப் பிரிவினைக்குப் பின்னர்ச் சிந்து நாட்டிலிருந்து வந்த அகதிகள் அங்குக் குடியமர்த்தப்பட்டனர். 1949-ஆம் ஆண்டில், அந்நாளைய கவர்னர் ஜெனரல் இராஜகோபாலாச்சாரியார் நகருக்கு அடிக்கல் நாட்டினார். 2011-ஆம் ஆண்டின் குடிக்கணக்குப்படி ஏறத்தாழ 13 சதுர கிலோமீட்டர் பரப்பில் 5 லட்சத்துக்கு மேற்பட்டோர் அங்கு வாழ்ந்தனர். தாராவி, மாதுங்கா, செம்பூர் முதலிய பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களைப் போன்றே இங்கும் பலருக்கு ஓர் அறையே வீடு. அதிலேயே அடுப்பும், மோரி எனப்படும் நீர் புழங்கும் மூலையும், ஏணி வைத்து ஏறும் பரணும் அடங்கும். நூல்களில் கூறப்படும் ‘தனி அறை’ இத்தகைய வீட்டில் ஏது? எனவே, நாம் கூறும் யோசனை அந்த ஓர் அறைக்குள்ளேயே நடக்கக் கூடியதாக இருத்தல் வேண்டும்.

முதலில், செய்யப்படும் அறுவை யாது என்பதைத் தெரிந்துகொள்வோம். வயிற்றின் நடுக்கோட்டிலேனும் விலாப்புறத்திலேனும் சிறிதளவு திறந்து, இரு சூலகங்களையும், பெரும்பாலும் அவற்றோடு கருப்பையையும், இரத்தக் குழாய்களைக் கட்டி நீக்கிவிடுகின்றனர். பின்பு தசையையும் தோலையும் தனித்தனிப் படலங்களாகத் தைக்கின்றனர். நம் கண்ணுக்குப் புலப்படுவது வெளித் தையல் மட்டுமே. பாரம் தாங்குவது உள்ளே உள்ள தசைத் தையலாகும். தோல் மூடிவிட்டதைக் கண்டு புண் ஆறிவிட்டதாக எண்ணுவது தவறு. இரண்டு வாரம் கழிந்த பின்னரும் அவ்விடத்தின் உறுதி, இயல்பான தோலின் உறுதியில் ஒரு சிறு பகுதியேயாகும். மூன்றாம் நாளே பூனை துள்ளத் தொடங்கிவிடும். உடல் ஆறுவதற்கு முன்னரே உற்சாகம் திரும்பிவிடுவதுதான் இந்தப் பிராணியிடத்து நாம் சந்திக்கும் பெருந்தொல்லை.

இவ்வறுவையின் நன்மையைப் பற்றி அதிகம் கூற வேண்டுவதில்லை. பூனையின் கர்ப்ப காலம் 9 வாரங்களே. 5 மாதக் குட்டியும் சினையாகக் கூடும். சீழ்பிடித்த கருப்பை என்னும் உயிர்கொல்லி நோய் பின்னாளில் வாராது. ஓராண்டு நிறைவதற்குள் அறுவை செய்யப்பட்ட பூனைகளுக்கு மடிப் புற்று ஏற்படுவது மிகவும் குறைவென்று 2005-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று காட்டியது.

மும்பையில் மிருக வைத்தியத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. பிராணிவதைத் தடுப்புச் சங்கம் அங்கு 1874-இல் தோன்றியது. பரேலில் உள்ள பாய் சாகர்பாய் தின்ஷா பெடிட் மருத்துவமனையின் வளாகத்தில்தான் 1886-இல் பம்பாய் மிருக வைத்தியக் கல்லூரி தொடங்கப்பெற்றது. ஆயினும், பரேலிலிருந்து உல்லாஸ்நகருக்கு மின்சார ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மயக்கம் தெளியாத பூனையோடு மாலை நெரிசலில் அப்பயணம் செய்வது உசிதமன்று. அருகிலேயே தகுதி வாய்ந்த வைத்தியர் இருப்பின் அவரிடம் செய்துகொள்வதே மேல். தொலைவு செல்ல நேரிடின், காலையிலேயே அறுவைக்கு ஏற்பாடு செய்து, பூனை தானாகத் தலையை நிமிர்த்தி அமரும் வரை மருத்துவமனையிலேயே காத்திருந்து, மூடியுள்ள கூடையில் கொண்டுவர வேண்டும். கூடைக்குள் பூனை ஒருக்களித்துப் படுத்திருக்கட்டும். கழுத்து மடங்காமல் நேராயிருக்கட்டும். மூச்சு விடுவதற்குத் தடை யாதும் இருத்தலாகாது.

வீடு சேர்ந்ததும் மூலையொன்றில் பழந்துணி விரித்த அட்டைப் பெட்டியைத் தரையிலேயே வைக்கலாம். கட்டிலின் மீது வைத்தல் கூடாது, தள்ளாடி விழும். மயக்க மருந்துகளுள் கெட்டமின் செலுத்தப்பட்ட பூனை கண்களைத் திறந்தவாறே கிடக்கும், பாவை விரிந்திருக்கும், தலை ஆடும். இது கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. விளக்கொளியைக் குறைத்து, வீட்டிலுள்ள சிறுவரை விலக்கி வைத்தால் போதும். மயங்கிய பிராணிக்கு உடல் வெப்பம் குறையுமாதலின் துணியால் போர்த்துவது அவசியம். சுடுநீர்ப் புட்டி வைப்பின், கனத்த துணியில் சுற்றியே வைக்க வேண்டும். சூடு மிகுந்தால் விலகிக்கொள்ளும் வலிமை அதற்கு அப்பொழுது இல்லை. தோல் வெந்துபோனதை மறுநாள்தான் நாம் அறிவோம்.

தடுமாறாமல் நடக்கத் தொடங்கிய பின் சிறிது நீரும், வழக்கமாக உண்பதில் கால் பங்கு உணவும் கொடுக்கலாம். உப்பும் காரமும் சேர்க்காமல் வேகவைத்து முள் நீக்கிய மீன் ஏற்றது. பால் வேண்டாம், வளர்ந்த பூனைகளுள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை. 24 மணி நேரம் கடந்தும் பூனை எதையும் உண்ணாவிடில் வைத்தியரிடம் தெரிவிக்க வேண்டும். ‘பசித்தால் தின்னும்’ என்று நாயை விட்டுவைப்பது போல் பூனையை விட்டுவைத்தல் ஆகாது. சில நாள் பட்டினி கிடந்தாலே, குறிப்பாகக் கொழுத்த பூனைகளுக்கு, ஈரலில் கொழுப்புப் படிந்து உயிருக்கு ஆபத்து நேரும்.

முதல் இரவில் விழிப்போடு கவனிக்க வேண்டியது உள் இரத்தக் கசிவு. பூனையின் உதட்டை உயர்த்தி ஈறைப் பார்க்க வேண்டும், இளஞ்சிவப்பாயிருப்பது நன்று. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். ஈறு வெளுத்து, உடல் குளிர்ந்து, வயிறு புடைத்து, பூனை துவண்டு கிடப்பின் விடியும் வரை காத்திராமல் வைத்தியரிடம் எடுத்துச் செல்ல வேண்டும். தூங்கும்பொழுது மூச்சு நிமிடத்துக்கு 20 முதல் 30 வரை இருப்பது இயல்பு. 40-ஐத் தாண்டினால் அதுவும் எச்சரிக்கையே.

இனி, யாவற்றினும் முக்கியமான செய்திக்கு வருவோம். பூனையின் இயல்பான உடல் வெப்பம் 100.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். நம் கைக்கு அது எப்பொழுதும் சுடுவதாகவே தோன்றும். அறுவை முடிந்து சோர்ந்து கிடக்கும் பூனையைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் என்று முடிவு கட்டி, வீட்டிலிருக்கும் பாரசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டைக் கொடுப்போர் உளர். 500 மில்லிகிராம் மாத்திரையில் கால் பகுதியே 3 கிலோ எடையுள்ள பூனைக்கு நஞ்சாகும்.

காரணம் ஈரலில் உள்ளது. மனிதனின் ஈரல் இம்மருந்துடன் குளுக்குரானிக் அமிலத்தைச் சேர்த்து, நீரில் கரையும் பொருளாக்கிச் சிறுநீரில் வெளியேற்றிவிடுகிறது. இவ்வேலைக்கு வேண்டிய நொதியை ஆக்கும் மரபணு பூனையினிடத்துச் சிதைந்து பயனற்றுப் போயிருக்கிறது. சிங்கம், புலி, சிறுத்தை முதலிய பூனைக் குலத்தனைத்துக்கும் இக்குறை பொதுவானது. தாவரங்களைத் தின்னும் பிராணிகளுக்கு இலை, பட்டைகளில் உள்ள நச்சுப் பொருள்களை நீக்க இந்நொதி இன்றியமையாதது. ஊனையே உண்டு வாழ்ந்த குலத்துக்கு அது தேவைப்படாமையால், காலப்போக்கில் அழிந்தும் தீங்கு நேரவில்லை என்று விஞ்ஞானிகள் கருதுகின்றனர். மனிதன் மாத்திரையை நீட்டும் வரையில் தீங்கு நேரவில்லை என்று திருத்திச் சொல்வதே பொருத்தம். வெளியேற வழியில்லாத மருந்து வேறொரு நச்சுப் பொருளாக மாறி, இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது; அவை பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கின்றன. ஈறு சேற்று நிறமாகும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு இரைக்கும், சிறுநீர் பழுப்பாகும். மாற்று மருந்து உண்டு. ஆயினும் சில மணி நேரத்துக்குள் மருத்துவமனையை அடைந்தாலன்றிப் பயனில்லை. கொடுத்த மாத்திரையின் பெயரையும் அளவையும் வைத்தியரிடம் மறையாமல் கூற வேண்டும். ஐபுரோஃபென், ஆஸ்பிரின் முதலியவையும் வீட்டாரே கொடுக்கத் தகாதவை. வலிக்கு மருந்து வேண்டியதே. ஆனால் அது பூனைக்கென்று வைத்தியர் எடை பார்த்து அளந்து கொடுத்ததாயிருக்க வேண்டும்.

பினாயிலும் இதே காரணத்தால் ஆகாது. பீனால் இனத்தைச் சேர்ந்த பொருள்களையும் பூனையின் ஈரல் எளிதில் நீக்க வல்லதன்று. தரையில் தெளித்த திரவம் பாதத்தில் ஒட்டும். பூனை பாதத்தை நக்கும். இவ்வாறு நஞ்சு உட்செல்லும். தண்ணீரில் கலந்ததும் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினிகளுள் குளோரோசைலினால் அடங்கியவையும் இவ்வகையினவே. இந்த இரு வாரமும் தரையைச் சோப்பு நீரால் கழுவி உலரவிடுவது போதுமானது. கிராமப்புறத்தில் கால்நடைகளோடு பழகிய ஊழியர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மாட்டுப் புண்ணில் ஈ மொய்க்காதிருக்கப் பூசும் மருந்துகளில் தார் எண்ணெய், டர்பென்டைன், பெர்மெத்ரின் முதலியவை இருக்கக்கூடும். பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பை உண்டாக்கும். ஆதலின், மாட்டுக்கு உகந்தது பூனைக்கும் உகந்தது என்று கொள்ளலாகாது. மழைக்காலத்தில் புண்ணில் புழு வைத்துவிடுமோ என்ற அச்சம் நியாயமானதே. அதற்குப் பரிகாரம், பூனையை வெளியே விடாமல் ஈரமற்ற இடத்தில் வைத்திருப்பதும், புண்ணை நாள்தோறும் இருமுறை பார்வையிடுவதுமாகும்.

புண்ணில் எதையும் தடவ வேண்டுவதில்லை. மஞ்சள்தூளும் தேங்காயெண்ணெயும் பூனையை நக்கத் தூண்டும், நக்கும் நாக்கு அரத்தைப் போன்று சொரசொரப்பானது, தையலை அறுத்துவிடும். வைத்தியர் கொடுக்கும் கழுத்துப் பட்டையை, கூம்பு வடிவில் தலையைச் சுற்றி நிற்பதை, கழற்றாதிருத்தல் நன்று. அது கிடைக்காவிடில் பழைய பனியன் துணியில் நான்கு கால்களுக்கும் துளையிட்டு, முதுகில் நாடா கட்டிச் சட்டை போல் அணிவிக்கலாம். அது ஈரமானால் மாற்ற வேண்டும். சிறிது சிவப்பும் வீக்கமும் முதல் சில நாட்களுக்கு இருக்கும். தையலுக்கடியில் கடினமான சிறு கட்டி தென்பட்டு, வலியின்றிச் சில வாரங்களில் மறைவதும் உண்டு. சீழ், துர்நாற்றம், விடாத கசிவு, தையல் விலகல், மிருதுவாகப் பெருத்துவரும் வீக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். கடைசியாகச் சொன்னது, உள்தையல் விட்டுக் குடல் பிதுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம்.

ஓர் அறை வீட்டில் பூனையை அடக்கி வைப்பது எங்ஙனம்? பரணுக்குச் செல்லும் ஏணியை எடுத்துவிடுவதும், சன்னலுக்கு அருகிலுள்ள முக்காலியை நகர்த்துவதுமே பாதி வேலையை முடித்துவிடும். ஆள் இல்லாத பொழுதும் இரவிலும் காற்றோட்டமுள்ள பெரிய கூடையிலோ கம்பிக் கூண்டிலோ விடலாம். மலம் கழிக்கும் தட்டில் மணலுக்கும் மரத்தூளுக்கும் பதிலாகக் கிழித்த செய்தித்தாளை இட்டால் துகள் புண்ணில் ஒட்டாது. உல்லாஸ்நகர் ஜீன்ஸ் தையலுக்குப் பெயர் பெற்ற ஊர். பல வீடுகளில் தையல் இயந்திரம் உண்டு. அறுந்த நூலை விளையாட்டாக விழுங்கும் பழக்கம் பூனைக்கு உண்டு. நூலின் ஒரு முனை எங்கேனும் மாட்டிக்கொள்ள, குடல் அதன்மேல் சுருங்கிக் கிழிந்துபோகும். ஓர் அறுவையிலிருந்து தேறும் பூனைக்கு மற்றோர் அறுவை நேராதிருக்க, இயந்திரத்தடியை மாலைதோறும் பெருக்குவது அவசியம்.

பூனை தன் வலியை ஒளிக்கும் இயல்புடையது, கத்துவது அரிது. 2019-இல் கனடா நாட்டு மான்ட்ரியால் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பூனையின் முகத்தைக் கொண்டே வலியை அளக்கும் முறையொன்றை வெளியிட்டனர். காதுகள் ஒன்றையொன்று விட்டு விலகிப் பக்கவாட்டில் திரும்புதல், கண்கள் பாதி மூடுதல், மூக்கும் வாயும் இறுகுதல், மீசை மயிர்கள் நேராக விறைத்தல், தலை தோளுக்குக் கீழே தாழ்தல் என்னும் ஐந்து குறிகளை அவர்கள் கொண்டனர். கருவி ஏதும் தேவைப்படாத இம்முறை பள்ளி மாணவருக்கு உற்றுநோக்கும் பயிற்சியாகவும் அமையும். நலமாயுள்ள பூனையின் முகத்தை முதலில் வரையச் செய்து, பின்னர் அதனோடு ஒப்பிடும்படி கூறலாம். பூனையைத் தூக்கிப் பார்க்க மட்டும் சிறுவரை அனுமதித்தல் கூடாது.

கரையாத நூலால் தைத்திருப்பின் 10 முதல் 14 நாட்களுக்குள் வைத்தியரே தையலைப் பிரிப்பார். அதுவரை குளிப்பாட்டுதல் ஆகாது. கடுவன் பூனைகளையும் அதுவரை அண்டவிடலாகாது. உடலில் எஞ்சியுள்ள சுரப்புப் பொருளால் கவரப்பட்டு அவை சில நாட்கள் தொடர்ந்து வருவதுண்டு. பாலூட்டும் பூனைக்கு அறுவை நடந்திருந்தால், மயக்கம் முற்றும் தெளிந்த பின்னர்க் குட்டிகளைச் சேர்க்கலாம். சூலகம் நீங்கியதால் பால் வற்றுவதில்லை.

புண் ஆறியபின் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சூலகம் நீங்கிய பூனையின் உடலுக்கு வேண்டிய உணவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது, பசியோ மிகுகிறது. வழக்கம்போல் கேட்குந்தோறும் கொடுத்துவந்தால் சில மாதங்களில் பருத்துவிடும். நாளொன்றுக்கு உரிய உணவைக் காலையிலேயே அளந்து தனிக் கிண்ணத்தில் வைத்து, அதிலிருந்து மட்டுமே எடுத்துக் கொடுப்பது எளிய வழி. மாதம் ஒருமுறை எடை பார்ப்பதற்கு, பூனையைப் பையிலிட்டுக் காய்கறிக் கடைத் தராசில் தொங்கவிட்டுப் பின் பையின் எடையைக் கழித்துக்கொள்ளலாம், கடைக்காரர் இசைந்தால்.