சேற்றில் எழுதிய சுவடி

2022 ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கடும் வறட்சி. கிளென் ரோஸ் என்ற சிற்றூரை ஒட்டி ஓடும் பலக்ஸி ஆறு பல இடங்களில் வற்றியது. வழக்கமாகத் தண்ணீருக்கும் வண்டலுக்கும் அடியில் மறைந்துகிடக்கும் பாறைத்தளம் வெயிலுக்கு வந்தது. அந்தப் பாறையில் ஒன்றன்பின் ஒன்றாகக் காலடிகள். மூன்று மூன்று விரல்கள். சிலவற்றில் நகம் குத்திய குறிகூடத் தெரிந்தது. ஏதோ ஒரு பெரிய விலங்கு அந்த வழியே நடந்துபோய் 11 கோடியே 30 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன.

படங்கள் உலகம் முழுவதும் செய்தியாயின. பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டது, ‘இது எந்த டைனோசர்?’ என்றுதான். தடங்களைப் படிக்கும் ஆய்வாளர்கள் அதற்கு முன்பே இன்னொன்றைக் கேட்டுக்கொள்வார்கள்: ‘அன்றைக்குச் சேறு என்ன பதத்தில் இருந்தது?’

பதம் தப்பினால் தடம் இல்லை

நடவுக்குத் தயாராக இருக்கும் வயலில் கொக்கு நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். தண்ணீர் நிற்கும் இடத்தில் காலை எடுத்த மறுகணமே குழி மூடிக்கொள்கிறது. வரப்பின் காய்ந்த மண்ணில் கால் பட்ட அடையாளமே இல்லை. இரண்டுக்கும் நடுவே, கொழுக்கட்டை மாவு போல மண் இறுகத் தொடங்கிய ஓரத்தில் மட்டும் விரல்கள் அச்சாக விழுகின்றன. அதே கொக்கு, அதே கால். ஆனால் பத்தடிக்குள் மூன்று விதமாக மண் அதைப் பதிந்துகொள்கிறது.

பலக்ஸி ஆற்றின் பாறைத்தளம் அந்தக் காலத்தில் கடலோரச் சேற்றுவெளி. சுண்ணாம்பு மிகுந்த சேறு. நீர் வடிந்து, சேறு சரியான பதத்துக்கு வந்த நேரத்தில் விலங்குகள் அதில் நடந்தன. தடங்கள் சற்று இறுகின. பிறகு வேறு வகை வண்டல் வந்து அவற்றை மூடியது. அதன்மேல் அடுக்கடுக்காகப் படிவுகள் சேர்ந்து, கீழே இருந்த சேறு கெட்டியான சுண்ணாம்புப் பாறையானது. கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்து ஆறு வந்தது. மென்மையான மேலடுக்கை அரித்து, கெட்டியான கீழடுக்கைத் திறந்துகாட்டியது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நோட்டில் பேனாவை அழுத்தி எழுதினால் அடுத்த தாளிலும் எழுத்து விழும் அல்லவா? பல டன் எடையுள்ள விலங்கு மிதித்தாலும் அப்படித்தான். அழுத்தம் கீழே உள்ள படிவுகளிலும் இறங்கி, அங்கெல்லாம் மங்கலான பதிவுகளை உண்டாக்கும். நமக்குக் கிடைத்திருப்பது விலங்கின் பாதம் நேரடியாகத் தொட்ட அடுக்கா, அதற்குக் கீழே உள்ள அடுக்கா என்பது தெரியாமல் பாதத்தை அளந்தால், அளவும் தப்பும், அதிலிருந்து போடும் கணக்கும் தப்பும்.

கசகசாவில் நடந்த கினிக்கோழி

கால் மண்ணுக்குள் இறங்கும்போது என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. மண் மறைத்துவிடுகிறது. இதற்கு ஸ்டீபன் கேட்ஸி, பீட்டர் ஃபால்கிங்ஹாம் என்ற இரு ஆய்வாளர்கள் கண்ட வழி அழகானது. டைனோசர்களின் வழிவந்தவை பறவைகள். எனவே அவர்கள் ஒரு கினிக்கோழியை எடுத்துக்கொண்டார்கள். மண்ணுக்குப் பதிலாகக் கசகசாவை நிரப்பி, அதில் கோழியை நடக்கவிட்டு, எக்ஸ்-கதிர் கொண்டு படமெடுத்தார்கள். எக்ஸ்-கதிர் கசகசாவை ஊடுருவிச் செல்லும். உள்ளே புதைந்த காலின் எலும்புகள் அசைவது திரையில் தெரியும். அந்த அசைவைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொரு மணியும் எப்படி நகர்ந்திருக்கும் என்று கணித்தார்கள். 2014இல் அந்த ஆய்வு வெளியானது.

விரல்கள் விரிந்தபடி உள்ளே இறங்குகின்றன. உடலின் எடையைத் தாங்குகின்றன. வெளியேறும்போது ஒன்றோடொன்று ஒடுங்கி, முன்பக்கமாக உருவிக்கொண்டு மேலே வருகின்றன. கால் போன பிறகு மணிகள் சரிந்து குழியைப் பாதி மூடிவிடுகின்றன. மிஞ்சும் குழிக்கும் பாதத்தின் வடிவத்துக்கும் பெரிய ஒற்றுமை இருக்க வேண்டியதில்லை. மேலே வெறும் கீறலாகத் தெரியும் இடத்துக்குச் சில சென்டிமீட்டர் கீழே, விரல்களின் பாதை தெளிவாகப் பதிந்திருக்கும்.

கால், அசைவு, சேறு ஆகிய மூன்றும் சேர்ந்து எழுதியதுதான் தடம். தமிழில் ‘சுவடு’ என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே ‘சுவடி’ என்ற சொல்லும் இருக்கிறது. பழைய ஓலைச்சுவடியைப் படிப்பவர் எழுதியவரின் கையை மட்டுமின்றி எழுத்தாணியையும் ஓலையையும் சேர்த்தே பார்ப்பார். சுவட்டைப் படிப்பதற்கும் அந்தப் பழக்கம் வேண்டும்.

பெயர் தடத்துக்கு, விலங்குக்கு அல்ல

தடத்தின் முடிவில் விலங்கு செத்துக் கிடப்பது மிக மிக அரிது. அதனால் இந்தத் தடம் இந்த இனத்துடையது என்று உறுதியாகச் சொல்வது ஏறக்குறைய இயலாத காரியம். 1836இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியைச் சேர்ந்த எட்வர்ட் ஹிட்ச்காக், கனெக்டிகட் பள்ளத்தாக்கின் மூவிரல் தடங்களை முதன்முதலில் அறிவியல் முறையில் விவரித்தார். அவை மாபெரும் பறவைகளுடையவை என்று நம்பினார். ‘டைனோசர்’ என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை, 1842இல்தான் வந்தது.

அவர் தொடங்கிவைத்த மரபுப்படி, தடங்களுக்குத் தனியாகப் பெயர் சூட்டுகிறார்கள். கனெக்டிகட் தடங்கள் சிலவற்றுக்கு வைத்த ‘யூப்ரான்டீஸ்’ அப்படி ஒரு பெயர். அது ஒரு வகைத் தடத்தைக் குறிக்கும். எந்த விலங்கையும் குறிக்காது. ராஜஸ்தானில் ஜெய்சல்மேருக்கு அருகே தையாத் குன்றில் 2014இல் கண்டறியப்பட்ட மூவிரல் தடமும் யூப்ரான்டீஸ் வகையில்தான் சேர்க்கப்பட்டது. இரண்டு கண்டங்களில் நடந்தவை ஒரே இனமாக இருக்க வேண்டும் என்பதில்லை. தடம் ஒரே வகை, அவ்வளவுதான்.

பலக்ஸி தடங்களுக்கு உரியவை என்று இரண்டு பெயர்கள் சொல்லப்படுகின்றன: மூவிரல் தடங்களுக்கு ஊனுண்ணியான அக்ரோகாந்தோசாரஸ், யானைக்கால் போன்ற பெரிய தடங்களுக்கு நீண்ட கழுத்துடைய தாவர உண்ணியான சாரோபோசைடன். அந்தப் பகுதியில் ஏறக்குறைய அதே காலத்துப் பாறைகளில் இவற்றின் எலும்புகள் கிடைத்திருப்பதால் வந்த முடிவு இது. பொருத்தமான முடிவுதான், நேரில் கண்ட சாட்சி ஆகாது.

போலியைத் தேடிப் போனவர்

1930களின் பொருளாதார மந்த காலத்தில் கிளென் ரோஸ் மக்கள் சிலர் ஆற்றுப்பாறையிலிருந்து தடங்களைப் பெயர்த்து விற்றார்கள். தடங்கள் தீர்ந்த நேரத்தில் சிலர் கல்லில் செதுக்கியும் விற்றார்கள். ராட்சத மனிதக் காலடி என்று செதுக்கியவற்றுக்கு நல்ல கிராக்கி. 1938இல் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காகப் புதைபடிவங்களைச் சேகரித்துவந்த ரோலண்ட் பேர்ட், அப்படிப்பட்ட கல் ஒன்றைப் பார்த்தார். பார்த்தவுடனேயே செதுக்கியது என்று புரிந்துவிட்டது. ஆனாலும் அவருக்கு ஆவல் விடவில்லை. கல் வந்த ஊரைத் தேடி கிளென் ரோஸுக்குப் போனார்.

ஆற்றில் மூவிரல் தடங்கள் இருந்தன. அவற்றின் அருகே சேறு நிரம்பிய ஒரு பெருங்குழி. சேற்றை அள்ளி வெளியே கொட்டியபோது, அது நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி வகையான சாரோபாட் டைனோசர் ஒன்றின் பின்னங்கால் தடம் என்பது தெரிந்தது. அதுவரை யாரும் தெளிவாகக் கண்டிராத வகை. 1940இல் அரசின் வேலைத்திட்டத் தொழிலாளர்களோடு திரும்பிவந்து, ஆற்றின் ஓட்டத்தைத் தடுத்து, பாறையைத் துண்டுதுண்டாக வெட்டியெடுத்தார். ஒரு பகுதி நியூயார்க்குக்கும் இன்னொரு பகுதி ஆஸ்டின் நகருக்கும் போயின.

அந்த ஒரு பாதை பல பழைய வாதங்களைத் தீர்த்தது. இவ்வளவு பெரிய விலங்கு முதலையைப் போலக் கால்களைப் பக்கவாட்டில் விரித்துத்தான் நடந்திருக்கும் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலர் வாதிட்டிருந்தார்கள். பலக்ஸியில் இடக்கால், வலக்கால் தடங்கள் நெருக்கமாக விழுந்திருக்கின்றன. கால்கள் தூண்களைப் போல உடலுக்கு நேர்கீழே இருந்தால்தான் அப்படி விழும். வால் இழுபட்ட கோடு எங்கும் இல்லை. விலங்கு ஆழமற்ற நீரில் நடந்ததால் வால் மிதந்திருக்கும் என்று பேர்ட் நினைத்தார். பிறகு உலகின் பல இடங்களில் கிடைத்த தடங்களிலும் வால் கோட்டைக் காணோம். அவை வாலைத் தரைக்கு மேலே தூக்கிப் பிடித்தே நடந்தன என்பது இன்று ஏற்கப்பட்ட முடிவு.

காலடியில் இருந்து வேகம்

1976இல் பிரிட்டனின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெக்நீல் அலெக்சாண்டர், தடத்திலிருந்து வேகத்தைக் கணக்கிட ஒரு சூத்திரம் தந்தார். மனிதர்களும் இன்றைய விலங்குகளும் நடக்கும், ஓடும் முறையை அளந்து அதை உருவாக்கினார். தேவை இரண்டே அளவுகள். ஒன்று, பாதத்தின் நீளம். அதை நான்கால் பெருக்கினால் இடுப்பின் உயரம் தோராயமாகக் கிடைக்கும். இரண்டு, ஒரே கால் அடுத்தடுத்துப் பதிந்த இரண்டு தடங்களுக்கு இடையே உள்ள தூரம்.

அரை மீட்டர் நீளமுள்ள மூவிரல் தடம் என்று வைத்துக்கொள்வோம். இடுப்பின் உயரம் 2 மீட்டர். வலக்கால் பதிந்த இடத்திலிருந்து மறுபடி வலக்கால் பதிந்த இடம் 3 மீட்டர் என்றால், வேகம் மணிக்குச் சுமார் 8 கிலோமீட்டர். நாம் வேகவேகமாக நடப்பதுபோல. அதுவே 6 மீட்டர் என்றால் மணிக்கு 25 கிலோமீட்டர், அது ஓட்டம். டெக்சாஸின் வேறொரு தடத்தொகுதியில் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய டைனோசர்களின் பதிவு இருக்கிறது. ஆனால் உலகெங்கும் கிடைத்த தடங்களில் பெரும்பாலானவை நிதானமாக நடந்தவைதான். திரைப்படங்கள் காட்டும் ஓயாத பாய்ச்சல் அவற்றின் அன்றாட வாழ்க்கை இல்லை.

கதை முந்திக்கொண்டால்

பேர்ட் வெட்டியெடுத்த பாதையில் சாரோபாட் தடங்களை ஒட்டியே மூவிரல் தடங்களும் செல்கின்றன. ஓரிடத்தில் மூவிரல் தடத்தில் ஒரு காலடி குறைகிறது. ஊனுண்ணி பாய்ந்து கடித்தது, இரை இழுத்ததில் ஒரு எட்டு தாவியது என்று பேர்ட் எண்ணினார். நூல்களும் ஓவியங்களும் அந்தக் காட்சியைப் புகழ்பெறச் செய்தன. ஆனால் சேறு சொல்வது குறைவுதான். ஒன்று முன்னே போனது, மற்றொன்று அதே வழியே பின்னால் வந்தது. இடைவெளி சில நிமிடங்களா, சில மணி நேரமா? அதைப் பாறை சொல்வதில்லை.

டெக்சாஸின் டேவன்போர்ட் பண்ணையில் 23 சாரோபாட்கள் ஒரே திசையில் போன தடங்கள் உண்டு. பெரியவை வெளிவட்டமாகவும் குட்டிகள் நடுவிலும் பாதுகாப்பாகச் சென்றன என்று ஒருகாலத்தில் சொல்லப்பட்டது. மனத்தைத் தொடும் காட்சி. பிறகு ஆய்வாளர் மார்ட்டின் லாக்லி, எந்தத் தடம் எதன்மேல் விழுந்திருக்கிறது என்று பொறுமையாகப் பார்த்தார். பெரியவை முன்னே போயிருந்தன. சிறியவை அவற்றின் தடங்களை மிதித்துக்கொண்டு பின்னே வந்திருந்தன. கூட்டமாகப் போனது உண்மை. பாதுகாப்பு வட்டத்துக்கு ஆதாரம் இல்லை.

‘மனிதக் காலடி’ விவகாரமும் அப்படித்தான் முடிந்தது. செதுக்கிய போலிகளைத் தள்ளிய பிறகும், ஆற்றுப்பாறையில் மனிதப் பாதம் போன்ற நீளமான குழிகள் இருந்தன. மனிதனும் டைனோசரும் ஒரே காலத்தில் வாழ்ந்ததற்கு அவை சான்று என்று பலர் நம்பினார்கள். 1980களில் ஆய்வாளர் கிளென் கூபன் அந்தக் குழிகளைச் சுத்தம்செய்து ஆராய்ந்தார். குழியின் முன்முனையில் பாறையின் நிறம் மாறியிருந்தது. நிறம் மாறிய பகுதியின் ஓரங்களைத் தொடர்ந்து போனால் மூன்று விரல்கள்! விரல் பதிந்த இடங்களில் வேறு வண்டல் நிரம்பிக் கெட்டியாகி மறைத்திருந்தது. நீளமான பகுதி, விரல்களுக்கும் குதிகாலுக்கும் இடையே உள்ள பாதப்பகுதியும் தரையில் பட்டதால் வந்தது. நம்பிக்கை உடைந்த இடத்தில் ஒரு புதிய உண்மை கிடைத்தது: விரல்களை ஊன்றி நடக்கும் இந்த டைனோசர்கள், சில வேளைகளில் பாதத்தின் பின்பகுதியையும் தாழ்த்தி நடந்திருக்கின்றன.

நாளைய கேள்விக்கு

பேர்ட் வெட்டியெடுத்தபோது பாதையின் ஒரு பகுதி தொலைந்தோ அழிந்தோ போனது. மீதி இரண்டு ஊர்களில் பிரிந்துகிடக்கிறது. ஆனால் வெட்டுவதற்கு முன் அவர் வரைபடங்கள் வரைந்திருந்தார், புகைப்படங்கள் எடுத்திருந்தார். 2014இல் ஃபால்கிங்ஹாம், கார்ல் பேட்ஸ், ஜேம்ஸ் ஃபார்லோ மூவரும் எழுபது ஆண்டுகளுக்கும் மேல் பழைய அந்தப் படங்களைக் கணினியில் இணைத்து, வெட்டப்படாத முழுப் பாதையை முப்பரிமாணத்தில் மீட்டெடுத்தார்கள். அப்படி ஒரு தொழில்நுட்பம் வரும் என்று பேர்டுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

2024 கோடையில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஒரு கல்குவாரியில் 16 கோடியே 60 லட்சம் ஆண்டுப் பழமையான சுமார் 200 தடங்களைத் தோண்டிய குழு, 20,000க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. பலக்ஸியில் மழை பெய்தால் ஆறு தடங்களை மூடும். வண்டல் அவற்றைக் காக்கும். வெள்ளம் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கவும் செய்யும். வெளியே தெரியும் நாட்களில் அளந்து, படமெடுத்து வைப்பதுதான் நம்மால் ஆவது. பேர்டின் வேட்டைக் கதை இன்று சந்தேகத்துக்கு உரியது. அதைச் சந்தேகிக்கத் தேவையான சான்றுகளையும் அவரே படமெடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.