மூளைக்குள் ஒரு சில்லு

கத்திக்குத்தில் தண்டுவடம் அறுபட்டு, கழுத்துக்குக் கீழே அசைவிழந்தவர் அமெரிக்க இளைஞர் மேத்யூ நேகல். 2004இல் அவருடைய மூளையில் ஒரு சிலிக்கான் சில்லைப் பதித்தார்கள். கையை நகர்த்துவதாக அவர் நினைத்தார். திரையில் கர்சர் நகர்ந்தது. மின்னஞ்சலைத் திறந்தார், டிவியின் ஒலியைக் கூட்டினார்.

இதில் மாயமில்லை. தண்டுவடம் அறுந்தாலும் 'கையைத் தூக்கு' என்ற கட்டளையை மூளை பிறப்பித்துக்கொண்டேதான் இருக்கிறது. அது கைக்குப் போய்ச் சேருவதில்லை, அவ்வளவுதான். 4 மில்லிமீட்டர் சதுரச் சில்லில் நூறு ஊசிகள். ஒவ்வொன்றும் தன்னருகே உள்ள நரம்பணுக்களின் மின்துடிப்பைக் கேட்கிறது. எந்தத் துடிப்புக் கோலம் எந்த அசைவுக்கு உரியது என்பதைக் கணினி பழகிக்கொள்கிறது. 2021இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வில், கை செயலிழந்த ஒருவர் பேனாவால் எழுதுவதாகக் கற்பனை செய்தே நிமிடத்துக்கு 90 எழுத்துகளைத் திரைக்குக் கொண்டுவந்தார். அவர் வயதினர் செல்பேசியில் தட்டும் வேகத்தை இது நெருங்குகிறது.

அப்படியானால் மனதில் நினைப்பதெல்லாம் வெளியே வந்துவிடுமா? அதே பல்கலைக்கழகத்தார் 2025இல் வெளியிட்ட ஆய்வு கொஞ்சம் கலங்கவைக்கிறது. மூளையில் சில்லு பதித்தவர்களிடம், திரையில் உள்ள வடிவங்களை எண்ணச் சொன்னார்கள். வாய்விட்டோ மனதுக்குள்ளோ சொல்லும்படி யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அவர்கள் மனதுக்குள் எண்ணிய எண்கள் கருவியில் ஓரளவு சிக்கின. அதற்கு ஆய்வாளர்களே ஒரு பூட்டும் செய்தார்கள்: 'சிட்டி சிட்டி பேங் பேங்' என்று மனதுக்குள் சொன்னால்தான் கருவி கேட்கத் தொடங்கும். சிலி நாடு 2021லேயே மூளைத் தகவலைக் காக்க அரசியலமைப்பைத் திருத்திவிட்டது.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. வலிப்பு வருவதை முன்கூட்டியே எச்சரிக்கும் கருவியை ஆஸ்திரேலியப் பெண் ஒருவர் மண்டைக்குள் பொருத்திக்கொண்டார். வெளியே போகத் துணிவு வந்தது. கருவி தன்னில் ஒரு பாகமாகிவிட்டதாகவே உணர்ந்தார். பிறகு, அதைத் தயாரித்த நிறுவனம் நொடித்துப்போனது. வீட்டை அடமானம் வைத்தாவது கருவியை வாங்கிக்கொள்ளக் கணவரும் அவரும் முயன்றார்கள். நடக்கவில்லை. அறுவை செய்து எடுத்துவிட்டார்கள்; அவர் அழுது தீர்த்தார்.

செல்பேசி நிறுவனம் மூடினால் வேறு செல்பேசி வாங்கலாம். இங்கே பேட்டரியை யார் மாற்றுவது, பழுதை யார் பார்ப்பது, கழற்றவோ வைத்துக்கொள்ளவோ முடிவெடுப்பது யார், செலவு யாருடையது? இத்தகைய கருவிகளின் சோதனையில் சேருபவர் கையெழுத்திடும் படிவத்தின் முதல் பக்கத்திலேயே இவற்றுக்குப் பதில் இருக்க வேண்டும்.