கணிப்பொறிக்குள் ஒரு நீரோட்டம்

சூடாக இருக்கும் இஸ்திரிப் பெட்டியின் அடித்தகட்டைத் தொட்டுப் பார்க்க உங்களில் எவரும் துணிய மாட்டீர்கள். 750 வாட் திறனுள்ள ஒரு பெட்டியின் அடித்தகடு ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர் பரப்புடையது என்று கொள்வோம். அதன் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலிருந்தும் நான்கு வாட்டுக்கும் குறைவான வெப்பமே வெளிவருகிறது. இனி, வேகமான ஒரு மேசைக் கணிப்பொறியின் செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள சிலிக்கான் சில்லு உங்கள் கட்டைவிரல் நகத்தின் அளவுதான்; 2 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கடுமையாக உழைக்கும்போது அது 150 வாட் வெப்பத்தை வெளியிடும். அப்படியானால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 75 வாட்! இஸ்திரிப் பெட்டியைப் போல் இருபது மடங்கு.

இவ்வளவு வெப்பம் எங்கிருந்து வருகிறது? சில்லுக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல நூறு கோடி முறை திறந்து மூடும் கதியில் இயங்குகின்றன. அதற்காகச் செலவாகும் மின்னாற்றல் அனைத்தும் இறுதியில் வெப்பமாகவே முடிகிறது. அந்த வெப்பத்தை உடனுக்குடன் அகற்றாவிட்டால் சில்லின் வெப்பநிலை மளமளவென்று ஏறும். பல செயலிகள் 95 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை எட்டியதும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. அதையும் மீறினால் நின்றுவிடுகின்றன.

எங்கள் மதுரை வீட்டில் சில ஆண்டுகளுக்கு முன் இதுதான் நடந்தது. சித்திரை மாத வெயிலில் என் மகள் குறும்படம் ஒன்றைத் தொகுத்துக்கொண்டிருந்தாள். விசிறிகள் ஓலமிட, கணிப்பொறி பாதியிலேயே அணைந்து போயிற்று. கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன் என்ற துணிவில், அதற்கு ஒரு நீர்க்குளிர்விப்பு அமைப்பை நானே செய்வதென்று புறப்பட்டேன். அதில் நான் கற்றதையும், தவறியதையும் உங்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

நீர் ஏன்?

ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை 1 டிகிரி உயர்த்த 4,186 ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு கிலோகிராம் காற்றுக்கோ சுமார் 1,005 ஜூலே போதும். இந்த ஒப்பீட்டில் நீர் நான்கு மடங்குதான் மேல். ஆனால் குழாயில் ஓடுவது கன அளவல்லவா? ஒரு கனமீட்டர் நீர் 1,000 கிலோகிராம். ஒரு கனமீட்டர் காற்று 1.2 கிலோகிராம். இரண்டையும் சேர்த்துப் பெருக்கிப் பாருங்கள். ஒரே கன அளவில் நீர் காற்றைப் போல் சுமார் 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கிறது.

இது புதிய யோசனையும் அன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1980ஆம் ஆண்டில் அறிவித்த 3081 என்னும் பெருங்கணிப்பொறியில், ஒவ்வொரு சில்லின் முதுகிலும் ஒரு சிறு உலோகப் பிஸ்டன் அழுந்தி நின்று, வெப்பத்தை நீரோடும் தகட்டுக்குக் கடத்தியது. 1985இல் வெளிவந்த கிரே-2 என்னும் மீக்கணிப்பொறியில் மின்சுற்றுப் பலகைகளையே மின்கடத்தாத ஒரு திரவத்தில் மூழ்க வைத்தார்கள்.

ஐந்து உறுப்புகள்

வீட்டு அமைப்பில் ஐந்து உறுப்புகள் உண்டு. முதலாவது, செயலியின் மேல் திருகப்படும் தாமிரக் கட்டி. அதனுள் மயிரிழை போன்ற நுண்ணிய பள்ளங்களின் வழியே நீர் பாய்கிறது. இரண்டாவது, ரேடியேட்டர்; காரின் முகப்பில் இருப்பதன் தம்பி என்று சொல்லலாம். அதன் மெல்லிய தகடுகளின் ஊடே விசிறிகள் காற்றைத் தள்ளுகின்றன. மூன்றாவது, 12 வோல்ட்டில் ஓடும் சிறு பம்பு. நான்காவது, நீர்த்தொட்டி. ஐந்தாவது, இவற்றை இணைக்கும் குழாய்களும் ரப்பர் வளையம் பொருத்திய இணைப்புகளும்.

செயலியும் தாமிரக் கட்டியும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாகவே இருக்கும். ஒன்றன் மேல் ஒன்றை வைத்தால் இடையில் காற்று சிக்கிக்கொள்ளும். தாமிரத்தின் வெப்பக் கடத்துத்திறன் சுமார் 400 அலகு, காற்றினுடையதோ 0.026 மட்டுமே. அதனால்தான் இடையில் வெப்பக் களிம்பு தடவுகிறோம். களிம்பு தாமிரத்துக்கு நிகரன்று. அது காற்றை வெளியேற்றவே பயன்படுகிறது. ஆகவே மெல்லியதாகத் தடவினாலே போதும்.

ஒரு சிறு கணக்கு

செயலியும் படக்காட்சி அட்டையும் சேர்ந்து 200 வாட் வெப்பத்தை நீருக்குத் தருவதாகக் கொள்வோம். அதாவது நொடிக்கு 200 ஜூல். பம்பு நிமிடத்துக்கு 1 லிட்டர் நீரை ஓட்டுகிறது. அப்படியானால் நொடிக்கு 1/60 கிலோகிராம். நீர் ஒரு சுற்றில் எவ்வளவு சூடேறும்?

200-ஐ 4,186/60-ஆல் வகுத்தால் விடை 2.9 டிகிரி. அவ்வளவுதான்! பம்பு நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓட்டினால் 0.7 டிகிரிக்கு மேல் ஏறாது.

இந்த விடை நமக்கு ஓர் உண்மையைச் சொல்கிறது. சுற்று முழுவதிலும் நீரின் வெப்பநிலை ஏறத்தாழ ஒன்றே. எனவே "ரேடியேட்டர் முதலில் வரவேண்டுமா, செயலி முதலில் வரவேண்டுமா" என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரே ஒரு வரிசையை மட்டும் மாற்றக்கூடாது. நீர்த்தொட்டி பம்புக்கு மேலே, அதற்கு முன்னால் இருக்கவேண்டும். இந்தப் பம்புகளின் சுழலும் பகுதிக்கு ஓடும் நீரே மசகு. நீரின்றி ஓடினால் தேய்ந்து கெட்டுவிடும்.

நீரால் முடியாதது

நம் மண்பானை நீர் அறையைவிடக் குளிர்ந்திருக்கிறதே, இந்த அமைப்பும் அப்படிச் செய்யுமா என்று கேட்பீர்கள். செய்யாது. பானையில் நீர் ஆவியாகி, வெப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறது. நம்முடையதோ மூடிய சுற்று. நீர் வெப்பத்தைச் சுமந்து ரேடியேட்டரில் இறக்குகிறது. அங்கிருந்து அது அறையின் காற்றுக்கே போகிறது. அறை 36 டிகிரியில் இருந்தால் நீர் அதற்கும் மேலேதான் நிற்கும். அறையில் வெளியாகும் மொத்த வெப்பமும் ஒரு வாட் கூடக் குறையாது.

அப்படியானால் தொட்டியில் பனிக்கட்டி போடலாமே என்று தோன்றுகிறதா? வேண்டாம். அறை 32 டிகிரியும் ஈரப்பதம் 70 சதவீதமும் இருந்தால் பனிநிலை சுமார் 26 டிகிரி. அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் காற்றிலுள்ள நீராவி துளிகளாகப் படியும். பழரசக் கோப்பையின் வெளிப்புறத்தில் காண்கிறீர்களே, அதே துளிகள்தாம் மின்சுற்றுப் பலகையின் மேலும் அரும்பும்.

கசிவுச் சோதனை

உறுப்புகளைப் பொருத்தியதும் கணிப்பொறியை இயக்கிவிடக் கூடாது. பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, கணிப்பொறியின் மின்சார இணைப்பை முழுவதுமாக எடுத்துவிட்டு, பம்புக்கு மட்டும் தனியே 12 வோல்ட் மின்சாரம் கொடுக்கவேண்டும். ஒவ்வோர் இணைப்பின் கீழும் உலர்ந்த மெல்லிய காகிதத்தை விரித்து வையுங்கள். தொட்டியில் நீர் குறையக் குறையப் பம்பை நிறுத்தி, நிரப்பி, மறுபடி ஓட்டுங்கள். பெட்டியை இப்படியும் அப்படியும் சாய்த்தால் சிக்கிய காற்றுக் குமிழிகள் தொட்டிக்கு வந்து சேரும். 24 மணி நேரம் ஓடிய பின்னும் காகிதம் உலர்ந்திருந்தால்தான் அமைப்பு தேறியது என்று பொருள்.

நான் செய்த தவறு

இத்தனையும் கவனமாகச் செய்த நான் ஓரிடத்தில் சறுக்கினேன். தாமிர ரேடியேட்டரின் விலை கூடுதல். "எல்லாம் ஒன்றுதான் சார்" என்று கடைக்காரர் காட்டிய அலுமினிய ரேடியேட்டரை வாங்கி வந்தேன். காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றினேன், வேறெதுவும் கலக்கவில்லை. தூய நீர் என்ன செய்துவிடும் என்ற நினைப்பு!

முதல் சில மாதங்கள் எல்லாம் அருமை. செயலி 65 டிகிரியைத் தாண்டவில்லை. ஒன்பதாம் மாதத்தில் அது 80-ஐத் தொட்டது. தாமிரக் கட்டியைக் கழற்றிப் பார்த்தால், நுண்பள்ளங்களில் வெண்ணிறச் சேறு அடைத்திருந்தது. அருகில் நின்ற மகள், "ஏம்ப்பா, இந்த வெள்ளையா இருக்கிறது எதுல இருந்து வந்துச்சு?" என்று கேட்டாள். "ஏதோ அழுக்கும்மா" என்று சொல்லிவிட்டு, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிப் பழையபடி மாட்டினேன்.

இரண்டு மாதங்கள் சென்றன. ஒரு மாலையில் திரை திடீரென்று இருண்டது. ரேடியேட்டரில் ஊசிமுனை அளவு ஓட்டை. அதிலிருந்து சொட்டிய நீர் படக்காட்சி அட்டையின் மேல் தேங்கியிருந்தது. என் அரை மாதச் சம்பளத்தில் வாங்கிய அட்டை அன்றோடு போயிற்று.

அந்த வெள்ளைப் பொருள் அழுக்கன்று, அரிக்கப்பட்ட அலுமினியம். உங்கள் வேதியியல் பாடத்திலுள்ள மின்வேதி வரிசையை நினைவுகூருங்கள். அலுமினியத்தின் நியம மின்முனை அழுத்தம் மைனஸ் 1.66 வோல்ட், தாமிரத்தினுடையது பிளஸ் 0.34 வோல்ட். வேறுபாடு 2 வோல்ட். அலுமினியத்தின் மேலுள்ள ஆக்சைடு படலம் நடைமுறையில் இதைக் குறைத்தாலும், அடியோடு தடுப்பதில்லை. இரண்டு உலோகங்களையும் கம்பியால் இணைக்கவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். தேவையே இல்லை. தாமிரக் கட்டியிலிருந்து நுண்ணளவில் கரையும் தாமிர அயனிகளை நீர் சுமந்து சென்று அலுமினியத்தின் மேல் படிய வைக்கிறது. படிந்த இடமெல்லாம் ஒரு குட்டி மின்கலம். அங்கே அலுமினியம் கரைந்து குழி விழுகிறது.

தூய நீர் மின்சாரத்தை அரிதாகவே கடத்தும் என்பது மெய். ஆனால் உலோகத்தைத் தொட்டு ஓடத் தொடங்கியதும் அது தூய நீராக நீடிப்பதில்லை. வெப்பத்தைச் சுமக்கும் அதே நீர், அயனிகளையும் சுமக்கிறது, பாசியையும் சுமக்கிறது. வகுப்பில் ஆண்டுதோறும் மின்கலப் பாடம் நடத்தும் நான், வீட்டிலேயே ஒரு மின்கலத்தைக் கட்டி ஓட விட்டிருந்தேன்!

பராமரிப்பு

இரண்டாம் முறை கட்டியபோது, நீர் தொடும் இடமெல்லாம் தாமிரம், பித்தளை, நிக்கல் பூசிய தாமிரம் என்று ஒத்துப்போகும் உலோகங்களாகவே தேர்ந்தேன். அரிமானத் தடுப்பானும் பாசிக்கொல்லியும் கலந்து விற்கும் குளிர்விப்பு நீரை ஊற்றினேன். நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீர் இதற்கு உதவவே உதவாது. அதிலுள்ள கால்சியம் உப்புகள் வெந்நீர்ப் பாத்திரத்தில் படிவதுபோல் நுண்பள்ளங்களிலும் படிந்துவிடும்.

அதன் பின் செய்ய வேண்டியவை சிலவே. மாதம் ஒருமுறை தொட்டியின் மட்டத்தைப் பாருங்கள். வளையும் குழாய்களின் சுவர் வழியே நீர் மிக மெதுவாக ஆவியாகி வெளியேறுவதுண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரேடியேட்டரில் படிந்த தூசியை மென்மையான பிரஷ்ஷால் நீக்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை நீரை வடித்துப் புதிது நிரப்புங்கள். அப்போது ரப்பர் வளையங்களில் வெடிப்பு உண்டா என்று பாருங்கள். அக்ரிலிக்கால் ஆன தொட்டியை ஆல்கஹால் கொண்டு துடைக்கக் கூடாது. அதில் நுண்விரிசல்கள் விழும். கட்டியைக் கழற்றினால் பழைய களிம்பை முற்றிலும் துடைத்துப் புதிதாகத் தடவுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பாடம் படிக்கவும் எழுதவும் பயன்படும் சாதாரணக் கணிப்பொறிக்கு இவை எதுவும் தேவையில்லை. நல்ல விசிறியும் தூசியற்ற காற்றுவழியுமே போதும்.

நீங்களே செய்து பாருங்கள்

கணிப்பொறியைத் திறக்காமலேயே என் தவறை நீங்கள் கண்ணால் காணலாம். இரண்டு கண்ணாடி டம்ளர்களில் நீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். முதல் டம்ளரில், உணவு பொதியும் அலுமினியத் தாளின் ஒரு துண்டை மட்டும் போடுங்கள். இரண்டாவதில், அதே அளவுத் துண்டின் மேல் பூச்சில்லாத தாமிரக் கம்பியை இறுக்கமாகச் சுற்றிப் போடுங்கள். இரண்டு வாரங்கள் அசைக்காமல் வைத்து, நாள்தோறும் பார்த்துத் தேதியிட்டுக் குறித்து வாருங்கள். பிறகு இரு தாள்களையும் கழுவி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். எந்தத் தாளில், எந்த இடத்தில் ஒளிப்புள்ளிகள் தெரிகின்றன? டம்ளரின் அடியில் ஏதேனும் படிந்திருந்தால், அதைக் கொட்டுமுன் அது எதிலிருந்து வந்தது என்று கேளுங்கள். என் மகள் கேட்டபோது நான் நின்று பதில் தேடியிருந்தால், அந்தப் படக்காட்சி அட்டை இன்றும் ஓடிக்கொண்டிருக்கும்.