சுவரோவியப் பதிவும் ரா நிழற்படமும்: பதப்படுத்தும் மென்பொருளைத் தேர்ந்தெடுத்தல்

கொச்சி நகரில் உப்பங்கழியின் கரையை ஒட்டிய மட்டாஞ்சேரியில், டச்சு அரண்மனை என வழங்கும் பழைய அரச மாளிகை ஒன்று உள்ளது. பெயர் டச்சுக்காரருடையதாயினும் கட்டியவர்கள் போர்த்துக்கீசியர். 1555-ஆம் ஆண்டையொட்டி அவர்கள் அதனைக் கட்டிக் கொச்சி மன்னர் வீர கேரள வர்மருக்கு அளித்தனர். 1663-க்குப் பின்னர் டச்சுக்காரர் செய்த பழுதுபார்ப்பினால் இப்பெயர் நிலைத்துவிட்டது. இன்று மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள நினைவுச் சின்னமான இம்மாளிகையின் பள்ளியறைச் சுவர்களில், தசரதன் இயற்றிய வேள்வி தொடங்கி இராமன் அயோத்திக்கு மீளும் வரை, இராமாயணக் கதை இடைவெளியின்றித் தீட்டப்பெற்றுள்ளது. வேறோர் அறையில், வண்ணம் இடப்பெறாமல் கோட்டளவிலேயே நின்றுவிட்ட உருவங்களும் காணப்படுகின்றன.

கேரளச் சுவரோவிய மரபில் செந்நிறமும் மஞ்சளும் காவிக் கற்களிலிருந்தும், கருமை எண்ணெய் விளக்கின் புகைக்கரியிலிருந்தும் பெறப்பட்டன. பச்சை நிறம், அவுரியின் நீலத்துடன் ஒருவகை மஞ்சள் மரப்பிசினைக் கலந்து ஆக்கப்பட்டது. வெண்மைக்கெனத் தனி வண்ணம் பெரும்பாலும் இல்லை; சுண்ணாம்புப் பூச்சையே தீட்டாமல் விட்டுவிடுவது வழக்கம். காவி எளிதில் மாறுவதன்று. தாவரச் சாயமோ ஒளியில் நாளடைவில் மங்கக் கூடியது. கடற்காற்றின் ஈரமும் உப்பும் சுண்ணப் பூச்சைத் தாக்க வல்லவை. இத்தகைய மாற்றங்கள் மிக மெதுவாக நிகழ்வதால், நாள்தோறும் அறையைத் திறந்து மூடும் காவலர் கண்ணுக்கும் அவை புலப்படா. பத்தாண்டு இடைவெளியில் எடுத்த இரு படங்களை அருகருகே வைத்தே அவற்றை அறிய இயலும்.

ஆனால் ஒப்பிடும் இரு படங்களில் ஒன்று காமிரா தானே அழகுபடுத்திய படமாகவும், மற்றொன்று வேறொரு மென்பொருள் வேறொரு விதமாய்த் திருத்திய படமாகவும் இருப்பின், அவற்றிடையே காணும் வேறுபாடு சுவரில் நேர்ந்ததா, கருவியில் நேர்ந்ததா என்று கூற எவராலும் முடியாது. ஆகவே நினைவுச் சின்னங்களைப் பதிவு செய்யும் களப்பணியாளருக்கு, மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது சுவையைப் பொறுத்த செய்தியன்று; சான்றின் நம்பகத்தைப் பொறுத்ததாகும்.

ரா கோப்பு என்பது யாது?

டிஜிட்டல் காமிராவின் ஒளியுணரித் தகட்டில் கோடிக்கணக்கான நுண்ணிய புள்ளிகள் உள்ளன. இப்புள்ளிகள் ஒளியின் அளவை மட்டுமே அறியும், நிறத்தை அறியா. ஆதலால் ஒவ்வொரு புள்ளியின் மீதும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றனுள் ஒரு நிற வடிகட்டி பொருத்தப்படுகிறது. கோடக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் வகுத்து, 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பே இன்றும் பெருவழக்காக உள்ளது. அதன்படி புள்ளிகளில் பாதி பச்சைக்கும், கால்பங்கு சிவப்புக்கும், கால்பங்கு நீலத்துக்கும் உரியவை. 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகள் கொண்ட காமிராவில் சிவப்பை அளப்பவை 60 இலட்சம் மட்டுமே. ஒரு புள்ளியில் அளக்கப்படாத மற்ற இரு நிறங்களையும் அண்டைப் புள்ளிகளைக் கொண்டு கணக்கிட்டு நிரப்ப வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வண்ணப் படத்தின் எண்களில் மூன்றில் இரு பங்கு இங்ஙனம் மதிப்பிட்டுப் பெற்றவையே என்பது பலருக்கும் வியப்பளிக்கும்.

இக்கணக்கீடு எதுவும் நிகழுமுன், தகடு அளந்த எண்களை அப்படியே சேமிக்கும் கோப்பே ரா கோப்பு ஆகும். பழைய நிழற்பட முறையில் இதற்கு ஒப்பானது கழுவப்படாத பிலிம் சுருள் எனலாம்; ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பிலிமை ஒருமுறைதான் கழுவ இயலும். ரா கோப்பையோ விரும்பிய தடவை, விரும்பிய முறையில் கழுவலாம். மூலம் கெடுவதில்லை.

ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் உள்ளன. 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள் உள்ளன. பள்ளியறை போன்ற மங்கிய இடத்தில் இவ்வேறுபாடு பெரிதும் பயன்படும். சன்னலருகே சுவரின் ஒரு பகுதி வெளிறியும், மூலை இருண்டும் காணப்படும்போது, இருண்ட பகுதியின் கருஞ்சிவப்புக்கும் கருமைக்கும் இடையிலுள்ள நுண்ணிய படிகள் ஜேபெக்கில் ஒன்றாய்க் கலந்துவிடும். ரா கோப்பில் அவை பெரும்பாலும் தப்பிப் பிழைக்கும்.

மென்பொருள்கள் வேறுபடும் இடங்கள்

ஒரே ரா கோப்பை மூன்று மென்பொருள்களில் திறந்தால் மூன்று வெவ்வேறு படங்கள் தோன்றுவதைக் காணலாம். புதியவர் இதனைக் குறையெனக் கருதுவர். உண்மையில் ரா கோப்பில் படம் இல்லை, அளவுகள் மட்டுமே உள்ளன; அவற்றைப் படமாக்கும் கணக்கு ஒவ்வொரு மென்பொருளுக்கும் வேறு.

முதற்கண், ஒளியின் நிறத்தைச் சமன் செய்தல். சன்னல் வழியே வரும் பகலொளி நீலச் சாயலும், மின்விளக்கு ஒளி பெரும்பாலும் மஞ்சட் சாயலும் கொண்டவை. இவ்விரண்டும் கலந்த அறையில் காமிரா தானே தேரும் சமநிலையை நம்புதல் தகாது. காவிச் சிவப்பு நிறைந்த சுவரைக் கண்ட காமிரா, அச்சிவப்பை விளக்கொளியின் குற்றமென எண்ணிக் குறைத்துவிடுவதும் உண்டு. ஜேபெக்கில் இத்தவறு படத்தினுள் பதிந்துவிடும். ரா கோப்பிலோ அது ஒரு குறிப்பாக மட்டுமே இருக்கும், பின்னர் மாற்றிக்கொள்ளலாம். எதைக் கொண்டு மாற்றுவது என்பதற்கு விடை, 24 நிறக் கட்டங்கள் கொண்ட நிற அட்டையாகும். அதே ஒளியில், சுவரின் தளத்திலேயே அட்டையைப் பிடித்து ஒரு படம் எடுத்துவிட்டால், நிறம் பற்றிய வாதம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அடுத்தது தொனி வளைவு. தகடு அளக்கும் எண்கள் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருப்பவை. அப்படியே காட்டினால் படம் இருண்டு தோன்றும். ஆகையால் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு வளைவை இட்டே படத்தைக் காட்டுகிறது. ராதெரபி என்னும் மென்பொருள், காமிராவின் ஜேபெக் தோற்றத்தையொட்டிய வளைவைத் தானே இடும் இயல்பினது. பதிவுப் பணிக்கு அதனை நீக்கி, நடுநிலை என்னும் அமைப்பிலிருந்து தொடங்குதல் வேண்டும். டார்க்டேபிளும் திறந்தவுடன் தனக்குரிய வளைவை இடுகிறது. எந்த வளைவு இடப்பட்டது என்பதை அறிந்து, எல்லாப் படங்களுக்கும் அதனையே இடுவதுதான் இன்றியமையாதது.

கூர்மையாக்கலும் இரைச்சல் நீக்கலும் இன்னும் விழிப்புடன் கையாள வேண்டியவை. கூர்மையாக்கல், கோட்டின் இருபுறமும் ஒளிர்ந்த விளிம்பை உண்டாக்கும். வண்ணமிடாத கோட்டோவியத்தில் இவ்விளிம்பு, ஓவியர் முதலில் வரைந்து அழித்த கோடோ எனப் பார்ப்பவரை மயக்கக் கூடும். இரைச்சல் நீக்கல் புள்ளிகளைத் துடைக்கையில் பூச்சின் நுண்வெடிப்புகளையும் துடைத்துவிடும். 2023-இல் லைட்ரூமில் சேர்க்கப்பட்டதுபோன்ற செயற்கை நுண்ணறிவு முறைகள், பிற படங்களிலிருந்து கற்றதைக் கொண்டு இல்லாத நுட்பத்தை ஊகித்து நிரப்புவன. திருமணப் படத்துக்கு அது நன்று. சுவரின் சான்றுக்கு அதனை விலக்குவதே முறை.

எதைத் தேர்வது?

காமிரா நிறுவனங்கள் தாமே மென்பொருள் வழங்குகின்றன. கேனன் நிறுவனத்தின் டிஜிட்டல் போட்டோ புரொபெஷனலும், நிக்கான் 2021-இல் வெளியிட்ட என்எக்ஸ் ஸ்டூடியோவும் இலவசமாகக் கிடைப்பவை. தம் காமிராவின் நிறத்தை நன்கு அறிந்தவை என்பது இவற்றின் சிறப்பு. பிற நிறுவனத்தின் கோப்பை இவற்றிற் பதப்படுத்த முடியாது, லினக்ஸில் இயங்குவதற்கான பதிப்பும் இல்லை என்பன குறைகள். ஒரே காமிராவைப் பல ஆண்டு வைத்துப் பணிபுரியும் சிறிய அலுவலகத்துக்கு இவை போதும்.

அடோபி நிறுவனத்தின் லைட்ரூம் 2007 முதல் பெரும் புகழ் பெற்றது. பல்லாயிரம் படங்களை ஒழுங்குபடுத்துவதில் அதனை விஞ்சுவது அரிது. எனினும் 2017-க்குப் பின் அதன் புதிய பதிப்புகள் சந்தா செலுத்துவோர்க்கே கிடைக்கின்றன. சந்தா நின்றால் திருத்தும் பகுதி மூடப்படும். ஆண்டுதோறும் ஒதுக்கீடு உறுதியில்லாத ஒரு பள்ளியோ கிளை அலுவலகமோ இதனை நன்கு எண்ணிப் பார்க்க வேண்டும்.

மென்பொருள் முற்றாக மறைந்துபோவதும் உண்டு. ஆப்பிள் நிறுவனம் 2005-இல் அப்பர்ச்சர் என்னும் மென்பொருளை வெளியிட்டது. 2014-இல் அதனை நிறுத்துவதாக அறிவித்தது. 2019-இல் வந்த இயக்க முறைமையில் அது இயங்கவே இல்லை. அதிற் செய்த திருத்தங்களை வேறு மென்பொருளில் அப்படியே மீண்டும் பெறுதல் இயலாமற் போயிற்று. ரா கோப்புகளை மட்டும் தனியே வைத்திருந்தவர்க்கு மூலம் பிழைத்தது.

இவ்வச்சத்துக்கு மாற்று, கட்டற்ற மென்பொருள்களாகும். டேவ் காஃபின் என்பவர் 1997-இல் டிசிரா என்னும் சிறு நிரலை எழுதத் தொடங்கி, நிறுவனங்கள் விளக்கம் தராத ரா வடிவங்களைத் தாமே ஆராய்ந்து படிக்கும் வழியைக் கண்டு, அதனை எல்லார்க்கும் வெளியிட்டார். பின்வந்த பல மென்பொருள்கள் அவ்வுழைப்பின் மீது எழுந்தவை. டார்க்டேபிள் 2009-இல் தோன்றியது. ராதெரபி 2004-இல் தொடங்கி, 2010 முதல் கட்டற்ற உரிமத்தின் கீழ் வருகிறது. இரண்டும் லினக்ஸ், விண்டோஸ், மாக் ஆகிய மூன்றிலும் இயங்குகின்றன, கட்டணம் இல்லை, மூல நிரல் திறந்திருப்பதால் எந்தக் கணக்கு இடப்பட்டது என்பதை வேண்டுவோர் ஆராயலாம். மேலும், செய்த திருத்தங்களை இவை ரா கோப்பினருகே ஒரு சிறு உரைக் கோப்பாக எழுதி வைக்கின்றன.

பதிவுப் பணிக்கு ராதெரபி சற்று எளிது. தகட்டின் எண்களையே வரைபடமாகக் காட்டும் வசதி அதில் உள்ளது. காமிராவின் பின்திரையிற் காணும் வரைபடம் ஜேபெக்கைப் பற்றியதேயன்றி ரா அளவுகளைப் பற்றியதன்று. செங்காவிச் சுவரில் சிவப்பு மட்டும் நிறைவெல்லையைத் தாண்டியிருப்பதை அது மறைத்துவிடலாம். ஓவியத்தின் ஒரு பகுதியை மட்டும் பிரித்து ஆராயவும், பெருந்தொகைப் படங்களைக் கையாளவும் டார்க்டேபிள் மேலானது. ஆனால் அதனைக் கற்கச் சில வாரங்கள் ஆகும். கற்பிக்க ஆளில்லாத இடத்தில் அதனைத் திணிப்பதிற் பயனில்லை.

கேரளப் பள்ளிகளில் இம்முயற்சிக்குக் களம் முன்பே அமைந்துள்ளது. 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் பின்னர்க் கட்டற்ற மென்பொருளை ஏற்றது. 2017-இல் அது கைட் என்னும் நிறுவனமாயிற்று. பள்ளிக் கணினிகளில் லினக்ஸ் இருப்பதால், மேற்கூறிய இரண்டையும் செலவின்றி நிறுவலாம்.

களத்தில் செய்ய வேண்டுவன

முக்காலி வைத்துப் படமெடுக்கத் தொல்லியல் துறையின் அனுமதி முன்கூட்டியே பெறப்பட வேண்டும். பணி முடிந்ததும், மாற்றப்படாத ரா கோப்பு, திருத்தக் குறிப்பின் உரைக் கோப்பு, 16 பிட் டிஃப் வடிவில் முடிந்த படம் ஆகிய மூன்றையும் சேர்த்து வைத்தல் நலம். மென்பொருளின் பெயரையும் பதிப்பு எண்ணையும் குறிப்பேட்டில் எழுதுக. ஒரு மென்பொருளின் குறிப்பை மற்றொன்று புரிந்துகொள்ளாது. 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகள் கொண்ட ஒரு படம், சுருக்காத டிஃப் வடிவில் ஏறத்தாழ 14 கோடியே 40 இலட்சம் பைட் இடம் கொள்ளும். இதனைக் கண்டு ரா கோப்புகளை அழிப்பவர் உண்டு. இடம் போதாவிடில் டிஃப்பை அழிக்கலாம், ராவை அழிக்கலாகாது.

படிகள் வெவ்வேறு ஊர்களில் இருத்தல் வேண்டும். அஜந்தா ஓவியங்களை ராபர்ட் கில் பல்லாண்டு உழைத்துப் படியெடுத்தார். அப்படிகளிற் பெரும்பாலானவை 1866-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் தீயில் அழிந்தன. அதன்பின் ஜான் கிரிஃபித்ஸும் பம்பாய் மாணவர்களும் எடுத்த படிகளிற் பலவும் 1885-இல் லண்டனிலேயே தீக்கிரையாயின. அக்காலத்தில் ஒரு படியை இரண்டாக்குவது பெரும்பாடு. இன்று அது சில நிமிட வேலை. ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு வைத்தால், படி பழுதுபட்டதா என்பதைப் பின்னர் அறியலாம்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் விளக்கச் செலவு தேவையில்லை. 2014-க்குப் பின் வந்த ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் டிஎன்ஜி என்னும் ரா வடிவில் படமெடுக்கலாம். அவற்றுட் சில பல படங்களைச் சேர்த்து இழைத்ததையே ரா என்று தரும். வகுப்புப் பயிற்சிக்கு அதுவும் போதும். மட்டாஞ்சேரியை அடுத்த ஃபோர்ட் கொச்சியில், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாகத் துணி வெளுத்து வரும் தோபி கானா உள்ளது. நண்பகல் வெயிலில் கொடியிற் காயும் வெள்ளை வேட்டியையும், அதன்பின் நிழலில் கிடக்கும் துவைகல்லையும் ஒரே படத்தில் ஜேபெக்காகவும் ராவாகவும் எடுத்து, இரண்டிலும் வேட்டியின் மடிப்பைத் தேடிப் பார்க்குமாறு மாணவர்க்குக் கூறலாம். ஒளியளவைச் சற்றுக் கூட்டி எடுத்தால் ஜேபெக்கில் மடிப்புகள் வெறும் வெண்மையாய் மறையும். ராவில் அவற்றை ஓரளவு மீட்கலாம். மேலும் கூட்டினால் ராவிலும் மறைந்துவிடும். எத்தனை படி கூட்டியபோது மறைந்தது என்பதை மாணவர் அட்டவணையிட்டால், தம் கைப்பேசியின் எல்லையைத் தாமே அளந்தவராவர்.